மிதித்தால் மட்டும் வரும் சத்தம்

அத்தான் ஒரு லாரிக்குக் கிளட்ச் மாற்றியபோது ஸ்பேனரை உள்ளேயே வைத்து மூடிவிட்டாராம். எனக்குச் சொன்னவன் சித்தி மகன். அவனுக்குச் சொன்னவர் டயர் கடைக்காரர். டயர் கடைக்காரருக்கு யார் சொன்னார்கள் என்று கேட்டேன். "ஊரே சொல்லுதுண்ணே" என்றான்.

நான் வேலை பார்ப்பது கடல் கடந்த இடம். அவ்வளவு தள்ளி உட்கார்ந்து கேட்கும்போது ஊர் என்பது ஒரே ஆள் மாதிரி இருக்கும். வாய் மட்டும் கொஞ்சம் பெரிது.

"அக்கா போனதிலேர்ந்து அவருக்கு நிதானம் இல்லையாம். லாரி ஓடும்போது உள்ள கடகடன்னு ஏதோ உருளுதாம்."

"ஸ்பேனர் உள்ள உருண்டா லாரி எப்படிடா ஓடும்?"

"அதெல்லாம் எனக்குத் தெரியாது. காதுல விழுந்ததைச் சொன்னேன்."

அன்று சாயங்காலமே அத்தானின் மகள் கூப்பிட்டாள். அவள் வேறு ஊரில் வேலையில் இருக்கிறாள். அவள் காதுக்கும் ஸ்பேனர் போய்ச் சேர்ந்திருந்தது. பட்டறை இருக்கும் கொட்டகையின் குத்தகை என் அக்கா பெயரில் இருந்தது. அக்கா இறந்ததும் மகள் பெயருக்கு மாறிவிட்டது. மறுபடி எடுக்கிறார்களா, விடுகிறார்களா என்று கொட்டகைக்காரர் கேட்டுக்கொண்டே இருந்தார். வரும் வெள்ளிக்கிழமை அவள் பதில் சொல்லியாக வேண்டும்.

"அப்பாகிட்ட கேட்டா ஒன்னுமில்லம்மாங்கறார் மாமா. அம்மா செத்ததுக்கே ஒன்னுமில்லம்மான்னுதான் சொன்னார். அதை நான் எப்படி நம்பறது? லாரிக்கடியில படுக்கற மனுஷன். நிதானம் இல்லாம ஒரு ஜாக்கி நழுவினா என்ன ஆகும்? நீங்கதான் லீவுல வர்றீங்கல்ல, ரெண்டு நாள் கூட இருந்து பாருங்க. அவரால முடியும்னு நீங்க சொன்னா குத்தகையை எடுக்கறேன். இல்லைன்னா இங்க கூட்டிட்டு வந்துடறேன். அவர் கோவிச்சுக்கட்டும், பரவாயில்லை."

சரி என்று சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என்ன ஒப்புக்கொண்டேன் என்று உறைத்தது. விமானத்தில் தூக்கமே வரவில்லை. ஜாக்கி நழுவுவதை விதவிதமாகக் கற்பனை செய்துகொண்டே வந்தேன்.

கொட்டகை ஒரு மரக்கடைக்கும் பூட்டிக் கிடக்கும் அச்சகத்துக்கும் நடுவில் இருக்கிறது. தகரக் கூரை. பின்சுவரில் ஒரு கதவு. அதைத் திறந்தால் நேராகச் சமையலறை. அடுப்பில் இருப்பது தீயும்போது பட்டறைக்கு வாசனை வரும், பட்டறையில் வெல்டிங் வைத்தால் சமையலறைச் சுவரில் வெளிச்சம் துள்ளும். பக்கச் சுவரில் பெரிய பலகை. ஒவ்வொரு ஸ்பேனருக்கும் அதே வடிவத்தில் வெள்ளை பெயின்ட் கோடு, கோட்டுக்குள் ஆணி, ஆணியில் ஸ்பேனர். அந்தக் கோடுகளைப் போட்டவள் என் அக்கா. பெட்டியைக் கீழே வைப்பதற்கு முன்பே என் கண் பலகையின் மேல் ஓடியது. ஒரு கோடும் காலியாக இல்லை.

"எல்லாம் இருக்கு மச்சான்" என்றார் அத்தான். "டயர் கடைக்காரரும் வந்து பாத்துட்டுத்தான் போனார். தண்ணி குடிக்க வந்த மாதிரி வந்தார்."

அவர் இளைக்கவில்லை. சவரம் செய்திருந்தார். சட்டைப் பொத்தான் ஒழுங்காக இருந்தது. வழியில் சாப்பிட்டாயா, அங்கே குளிர் எப்படி என்று கேட்க வேண்டியதையெல்லாம் கேட்டார், பதிலுக்கும் காத்திருந்தார். துக்கம் கேட்க வந்தவர்களுக்கு அவரே நாற்காலி எடுத்துப் போட்டு, அவர்கள் அழுது முடிக்கும்வரை பக்கத்தில் நின்று, வாசல்வரை கொண்டுவிட்டுத் திரும்பினார் என்று கேள்விப்பட்டிருந்தேன். அதில் பொய் இருக்காது என்று இப்போது தெரிந்தது. "உங்க அக்கா" என்று அவர் சொல்லும்போது குரல் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. கடையில் தீர்ந்துபோன உதிரிப்பாகத்தைச் சொல்வதுபோல் சொன்னார்.

லாரி நடுக்கொட்டகையில் நின்றது. சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்திருந்தது. நான் சுற்றிவந்து ஒவ்வொரு கட்டையையும் காலால் தட்டிப் பார்த்தேன். அவர் பார்த்தும் பார்க்காத மாதிரி இருந்தார்.

"என்ன சத்தம் அத்தான்?"

"மிதிச்சா மட்டும் வருது. சும்மா ஓடும்போது இல்ல. பெடலை மிதிச்சதும் சிர்ர்ருன்னு ஒரு உரசல். விட்டா நின்னுடுது."

"கடகடன்னு உருளலையா?"

"உருள்றது ஊர் வாயில."

கிளட்ச் என்றால் என்ன என்று இந்த வீட்டுக்கு வரும் எல்லோருக்கும் அவர் ஒரே மாதிரிதான் சொல்வார். எஞ்சினும் கியர் பாக்ஸும் கைகோத்து நிற்கின்றன. பெடலை மிதித்தால் கையை விடும், பெடலை விட்டால் மறுபடி பிடித்துக்கொள்ளும். முதன்முதலில் இதை அவர் என் அக்காவிடம்தான் சொன்னார். அப்போது அவள் ஒரு லாரி ஆபீசில் கணக்கு எழுதிக்கொண்டிருந்தாள். அங்கே வாசலில் நின்று வண்டி பார்த்துக்கொண்டிருந்த மெக்கானிக்கிடம், மாதாமாதம் கிளட்ச் கிளட்ச் என்று பில் வருகிறதே, அப்படி என்னதான் அது என்று கேட்டிருக்கிறாள். அவர் விளக்கியதும், "பிடிச்ச கையை விடறதுக்கா இவ்வளவு இரும்பு?" என்றாளாம். அடுத்த வருஷம் கல்யாணம்.

அத்தானுக்கு லாரியைப் பிரித்துக் கோக்கத் தெரியும். தெருவில் ஓட்டத் தெரியாது. ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்தால் உள்ளங்கை வியர்த்துவிடும். லைசென்ஸ் எடுக்கப் போனவர் சோதனைக்கு முன்பே இறங்கி நடந்து வந்துவிட்டார். அக்கா அதைக் கேட்டு இரண்டு நாள் சிரித்தாள். மூன்றாம் நாள் தானே போய்ப் பெயர் கொடுத்தாள். கனரக வண்டி லைசென்ஸ் வாங்கி வந்தவளைப் பார்த்து, "இனிமே வீட்டுக்கு டிரைவர் ஒருத்தர், கிளீனர் ஒருத்தர்" என்று அப்பா முனகியது எனக்கு ஞாபகம் இருக்கிறது. யார் கிளீனர் என்று அவர் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு பட்டறை வேலை இரண்டு பேர் வேலை. அவர் கீழே படுப்பார், அவள் மேலே உட்காருவாள். எஞ்சின் ஓடும்போது பேச்சுக் கேட்காது. அதனால் லாரியின் அடிச்சட்டத்தில் ஸ்பேனரால் தட்டுவார். ஒரு தட்டு என்றால் மிதி, இரண்டு தட்டு என்றால் விடு, மூன்று தட்டினால் எஞ்சினை நிறுத்து. சிலசமயம் அவள் மேலிருந்து திருப்பித் தட்டுவாள். அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டால் இருவரும் சொல்ல மாட்டார்கள். வண்டியைத் தெருவில் ஓட்டிப் பார்ப்பதும் அவள்தான். திரும்பி வந்து, "வலது பக்கம் முனகுது", "மேட்டுல ஏறும்போது இருமுது" என்று சொல்வாள். அவர் அந்த இடத்துக்கு நேராகப் போவார்.

ஒருநாள் மத்தியானம் தலைவலி என்று படுத்தாள். ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனபோது மூளையில் ரத்தம் கசிந்துவிட்டது என்றார்கள். எனக்குச் செய்தி வந்து சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது; லீவு இப்போதுதான் கிடைத்தது.

இந்த லாரி, அவள் இல்லாமல் அவர் செய்த முதல் கிளட்ச்.

மறுநாள் காலையில் லாரிக்காரர் வந்தார். அவரை எல்லோரும் ரேடியோ என்றுதான் கூப்பிடுவார்கள். தானே வாங்கித் தானே ஓட்டுகிற ஒற்றை லாரி.

"என்ன மேஸ்திரி, எம் பொண்டாட்டி சௌக்கியமா?" என்று லாரியின் மூக்கைத் தடவினார். என்னைப் பார்த்ததும், "ஓ, வெளிநாட்டு மச்சினர். ஐயா, உங்க மச்சான் நல்லா வேலை செஞ்சார். முன்னாடி கிளட்ச் வழுக்கும், ஆனா சத்தம் கிடையாது. இப்ப கிளட்ச் பிரமாதம், சத்தம் இலவசம்."

"இன்னிக்குப் பாத்துடலாம்" என்றார் அத்தான்.

"இதையேதான் போன வாரமும் சொன்னீங்க. பேரிங்கை மாத்தினீங்க. புது பேரிங் போட்டும் அதே சத்தம். புது மாப்பிள்ளைக்குப் பழைய இருமல். மேஸ்திரி, உங்க மேல எனக்கு வருத்தம் இல்ல. ஆனா மேட்டுல ஏறும்போது காலை வெக்கவே பயமா இருக்கு. நாளைக்குள்ள தெரியலைன்னா பெரிய ரோட்டுப் பட்டறைக்குக் கொண்டுபோறேன். தப்பா நினைக்காதீங்க."

"நினைக்கல."

"ஏதாவது திட்டுங்களேன். நீங்க பேசாம நிக்கறது சத்தத்தை விட மோசமா இருக்கு."

அத்தான் அவருக்கு ஸ்டூலைக் காட்டினார். ரேடியோ உட்காரவில்லை. போய்விட்டார்.

மிதித்தால் மட்டும் வருகிற சத்தம் என்றால் எந்த மெக்கானிக்கும் முதலில் பிடிப்பது ரிலீஸ் பேரிங்கைத்தான். பெடலை மிதிக்கும்போது முன்னால் போய்க் கிளட்சை அழுத்துகிற வளையம் அது. அதனால்தான் அவர் கியர் பாக்ஸை மறுபடி இறக்கி அதை மாற்றியிருந்தார். தனியாக. ஜாக்கியையும் சங்கிலியையும் வைத்துக்கொண்டு ஒரு பகல் முழுக்க இறக்கி, இன்னொரு பகல் முழுக்க ஏற்றியிருந்தார். ஏற்றிப் பூட்டி மிதித்தால் அதே உரசல்.

"இப்ப என்ன பண்ணப் போறீங்க?"

"ஆள் வேணும். நான் மிதிச்சா மேல இருக்கேன், சத்தம் கீழ இருக்கு. கீழ வந்தா மிதிக்க ஆள் இல்ல."

"ரேடியோ மிதிக்கலையா?"

"மிதிச்சார். மிதிச்சுட்டே பேசினார். எங்க பேச்சு, எங்க சத்தம்னு பிரிக்க முடியல."

நான் ஏறி உட்கார்ந்தேன். இருக்கை உயரமாக இருந்தது. கை பிரேக் இழுத்திருக்கிறதா என்று பார்த்தேன். கியர் விழாமல் இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தேன். இறங்கி ஒருமுறை கட்டைகளைப் பார்த்துவிட்டு மறுபடி ஏறினேன். அவர் அதற்குள் சக்கரம் வைத்த பலகையில் மல்லாந்து படுத்துக் கீழே நகர்ந்துவிட்டார். அவருடைய பாதங்கள் மட்டும் பக்கவாட்டுக் கண்ணாடியில் தெரிந்தன.

எஞ்சினைக் கிளப்பினேன். சட்டத்தில் ஒரு தட்டு விழுந்தது. மிதித்தேன். காலுக்கடியிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. பெரிதாக ஒன்றுமில்லை, தகரத்தில் யாரோ நகத்தை இழுத்துக்கொண்டே இருக்கிற மாதிரி. இரண்டு தட்டு. விட்டேன். நின்றது. ஒரு தட்டு. மறுபடி வந்தது.

இப்படியே வெகுநேரம் போனது. என் இடது கால் நடுங்க ஆரம்பித்தது. நடுவில் ஒருமுறை கால் நழுவிப் பெடல் படாரென்று மேலே வந்தது. மூன்று தட்டு விழுந்தது. எஞ்சினை அணைத்துவிட்டுக் குதித்து இறங்கினேன்.

"அத்தான்? அத்தான்?"

"இருக்கேன். கண்ணுல தூசி."

அவர் வெளியே வந்து கண்ணைக் கழுவிக்கொண்டார். பிறகு ஒரு நீளமான இரும்புக் கம்பியை எடுத்தார். அதன் ஒரு முனையை வண்டியிலும் மறு முனையைக் காதுக்குப் பக்கத்திலும் வைத்துப் பார்க்கப் போவதாகச் சொன்னார். சுற்றுகிற இரும்புக்குப் பக்கத்தில் கம்பியா என்று கேட்டேன். சுற்றாத இடத்தில்தான் வைப்பேன் என்றார். நான் ஏறி உட்கார்ந்தேன். உட்கார்ந்துகொண்டே மகளிடம் என்ன சொல்வது என்று யோசித்தேன். கை நடுங்கவில்லை, பேச்சு தடுமாறவில்லை, சொன்னதை மறக்கவில்லை. ஆனால் இதே மனிதர் இதே வேலையை இரண்டு முறை செய்தும் சத்தம் போகவில்லை. இதில் எதைச் சொல்வது?

மத்தியானம் ரொட்டியும் டீயும் சாப்பிட்டோம். அவர் லாரியின் அடிவயிற்றைப் பார்த்துக்கொண்டே மென்றார்.

"பின்னாடி இல்ல" என்றார். "முன்னாடி."

"எது?"

"சத்தம். கம்பியைக் கியர் பாக்ஸ்ல வெச்சா மெல்லிசா வருது. எஞ்சின் பக்கம் வெச்சா காதுல குத்துது. பேரிங் பின்னாடி இருக்கு. அது இல்ல."

"மிதிச்சா முன்னாடி என்ன ஆகும்?"

அவர் கையிலிருந்த டீ கிளாஸை மேஜையில் வைத்து, விரலால் பின்னாலிருந்து தள்ளினார். கிளாஸ் மயிரிழை நகர்ந்தது. "மிதிக்கற அழுத்தத்துல ஃப்ளைவீல் இவ்வளவு முன்னாடி போகும். எல்லா வண்டியிலயும் போகும். போனா எதுலயோ படுது."

ஃப்ளைவீல் என்பது எஞ்சினின் பின்முகத்தில் சுற்றுகிற பெரிய இரும்புச் சக்கரம். அதன் முன்னால் உரசுவதற்கு ஒன்றும் இருக்கக் கூடாது. கியர் பாக்ஸை இறக்க வழி வேண்டும் என்பதற்காக அவர் பக்கத்தில் இருந்த, எஞ்சினைக் கிளப்புகிற ஸ்டார்ட்டர் மோட்டாரையும் கழற்றி மாட்டியிருந்தார். அதைப் பிடித்திருக்கும் போல்ட்டுகள் மட்டும் எஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி, ஃப்ளைவீலைப் பார்த்துப் போகின்றன. இதைச் சொல்லிக்கொண்டே வந்தவர் பாதியில் நிறுத்திவிட்டார். கிளாஸை அப்படியே விட்டுவிட்டு லாரிக்கடியில் படுத்தார்.

நான் ஓடிப்போய் ஏறினேன். ஒரு தட்டு. மிதித்தேன். உரசல். அவர் ஸ்பேனர் போட்டுத் திருப்புவது பெடல் வழியாகக் காலில் தெரிந்தது. உரசல் மெலிந்தது. பிறகு இல்லை. எஞ்சின் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. நான் காலை எடுக்கவில்லை. இரண்டு தட்டுக்காகக் காத்திருந்தேன், வரவில்லை. அதற்குப் பதில் உரசல் மெல்லத் திரும்பி வந்தது. அவர் மறுபடி இறுக்கியிருக்கிறார். பிறகு மறுபடி போயிற்று. மூன்று தட்டு விழுந்தது.

கீழே இறங்கியபோது அவர் தரையில் உட்கார்ந்திருந்தார். உள்ளங்கையில் ஒரு போல்ட். அதன் நுனி மட்டும் பாத்திரம் தேய்த்த மாதிரி பளபளத்தது. கியர் பாக்ஸிலிருந்து இன்னொரு போல்ட்டையும் கழற்றிப் பக்கத்தில் வைத்தார். தலை ஒன்றுபோல இருந்தது, திருகு மறை ஒன்றுபோல இருந்தது. நீளத்தில் மட்டும் இது ஒரு விரல்கட்டை குறைவு.

"நீளமானது கியர் பாக்ஸோடது. குட்டையானது ஸ்டார்ட்டரோடது. மாத்திப் போட்டிருக்கேன்."

"ஆனா நீங்க ரெண்டாவது தடவை கழட்டினீங்களே அத்தான். அப்ப தெரியலையா?"

அவர் இரண்டு போல்ட்டுகளையும் ஒன்றின் மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தார்.

"கழட்டற போல்ட்டை எல்லாம் உங்க அக்கா வாங்கிப்பா. பழைய படுக்கை விரிப்பு ஒன்னு இருக்கு. அதுல எது எங்கிருந்து வந்துதோ அதே இடத்துல, வண்டி மாதிரியே பரப்பி வெப்பா. மேலது மேல, கீழது கீழ. நான் கையை நீட்டினா சரியானது வரும். இந்தத் தடவை டப்பாவுல போட்டேன். எல்லாம் கலந்துபோச்சு. மாட்டும்போது பொருந்தினதைப் போட்டேன்."

"சரி."

"ரெண்டாவது தடவை அப்படிப் பண்ணக் கூடாதுன்னு விரிப்பை எடுத்தேன். அவ பண்ற மாதிரியே ஒன்னொன்னா பரப்பினேன். ஒன்னு கூட மாறல. எது எங்க இருந்துதோ திருப்பி அங்கேயே போட்டேன்."

தப்பைக் கூட இடம் மாறாமல் பத்திரமாகத் திருப்பி வைத்திருக்கிறார். எனக்குச் சிரிப்பு வந்தது; அது வேறு ஏதோ ஆகிவிடும் போலிருந்ததால் அடக்கிக்கொண்டேன். அவர் முகத்தில் ஒன்றுமில்லை.

"விரிப்பை அவளோட மத்த துணியோட வெச்சிருந்தேன்" என்றார். "தேடி எடுத்தேன். கிரீஸ் வாசனைதான் வருது."

ரேடியோவைக் கூப்பிட்டார். அவர் வரும்வரை கூடக் காத்திருக்கவில்லை, போனிலேயே சொல்லிவிட்டார். "சத்தம் கெடச்சுடுச்சு. வண்டி மேல தப்பில்ல, பேரிங் மேலயும் தப்பில்ல. போல்ட்டை நான்தான் மாத்திப் போட்டேன்." எதிர்முனையில் ரேடியோ நீளமாக ஏதோ பேசுவது என் காதுவரை கேட்டது. "ஆமா. ஆமா. சொல்லிக்குங்க" என்று வைத்துவிட்டார்.

"அவர்கிட்ட ஏன் அத்தான் இதைச் சொன்னீங்க? பேரிங்னு சொல்லியிருந்தா முடிஞ்சுருக்கும். இனிமே ஊர் பூராவும் போல்ட் கதைதான்."

"ஸ்பேனரை விட போல்ட்டு சின்னதுதானே மச்சான்."

சிரிக்கச் சொன்னாரா என்று தெரியவில்லை. அவர் மறுபடி படுத்துக் குட்டையான போல்ட்டை அதன் இடத்தில் வைத்து முறுக்க ஆரம்பித்தார். கீழேயிருந்தே கேட்டார்.

"என்னைக் கவனிக்கச் சொல்லித்தான் பொண்ணு உன்னை அனுப்பினா, இல்ல?"

மறைக்க என்ன இருக்கிறது. "ஆமா. கொட்டகைக்காரருக்கு நாளைக்குப் பதில் சொல்லணும். உங்களால முடியுமான்னு கேட்டா."

"நீ என்ன சொல்லப் போற?"

"தெரியல அத்தான். தப்பு நீங்க பண்ணதுதான். கண்டுபிடிச்சதும் நீங்கதான். எதை முதல்ல சொல்றதுன்னு தெரியல."

முறுக்குகிற சத்தம் நின்றது. மறுபடி தொடங்கியது.

"அங்க போனா அவ வீட்ல நாலாவது மாடி" என்றார். "ஜன்னலைத் திறந்தா பக்கத்து வீட்டு ஜன்னல். போன தடவை உங்க அக்காவோட போயிருந்தேன். அவளாவது எதிர் ஜன்னல்காரிகிட்ட பேசிட்டிருந்தா. நான் லிஃப்டோட சத்தத்தைக் கேட்டுட்டிருந்தேன். அதுல ஒரு பேரிங் போயிருந்துது. யார்கிட்ட சொல்றதுன்னு தெரியல."

"அதை அவகிட்ட சொல்லியிருக்கீங்களா?"

"கேக்கலையே."

"அவ கேட்டா நீங்க ஒன்னுமில்லம்மாங்கறீங்க."

மேஜை மேல் டீ கிளாஸுக்குப் பக்கத்தில் இருந்த என் போன் அடித்தது. திரையில் மகள் பெயர். நாளைக்குத்தானே என்று நினைத்தேன். ஆனால் அவளும் என்னைப் போலவே முந்தின நாளே கவலைப்படத் தொடங்கிவிடுவாள்.

"அவளா?"

"ஆமா. எடுக்கட்டுமா?"

பலகைச் சக்கரம் தரையில் உருண்டது. அவர் வெளியே வந்து எழுந்து நின்றார். முழங்கைவரை கறுப்பு.

"நீ எடுக்காத. நான் பேசறேன்."

கழிவுத் துணியை எடுத்தார். ஒவ்வொரு விரலாகத் துடைத்தார். நகக்கண், விரலிடுக்கு, மணிக்கட்டு. துணியின் சுத்தமான பக்கத்தைத் தேடித் திருப்பிக்கொண்டார். உதடு மட்டும் லேசாக அசைந்தது. எதையோ சொல்லிப் பார்த்துக்கொள்கிறார் என்று நினைக்கிறேன். போனை உள்ளங்கையில் வைத்து அவர் முன்னால் நீட்டிக்கொண்டு நின்றேன். அது அதிர்ந்துகொண்டே இருந்தது. நின்றது. மறுபடி தொடங்கியது. அவர் வலது கையை முடித்துவிட்டு இடது கைக்கு வந்திருந்தார்.